பழைய இரும்பு: ‘வம்பயர்’ நாசகாரியின் வரலாறு

எல்கடுவ கடற்கரை ஊர் அன்று. வத்தேகமவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பாதையில், தேயிலைக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் நடுவே கிடக்கின்ற மாத்தளை மாவட்டத்து மலையூர் அது. அங்கே லயத்திற் பிறந்து லயத்திலே மடிந்தவர்களுட் பெரும்பாலோர் ஒரு போர்க்கப்பலைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிப்போன ஒரு நாசகாரிக் கப்பலின் வரலாற்றை இம்மலையில் இருந்துகொண்டே எழுதலாம்; எழுதவும் வேண்டும். அக்கப்பல் எதைக் காப்பதற்காக இலங்கைக் கடலில் நிறுத்தப்பட்டதோ அந்தச் செல்வம் இத்தகைய மலைகளிலேதான் விளைந்தது. அது மூழ்கிய ஆண்டில் உலையிற் போட அரிசியில்லாமற் போனதும் இம்மலைகளிலேதான்.

கடற்போர் வரலாறுகளைப் பெரும்பாலும் அட்மிரல்களும் அவர்களைப் போற்றுவோருமே எழுதியிருக்கின்றனர். அவற்றிலே தொன் கணக்கு இருக்கும். பீரங்கியின் விட்டம் இருக்கும். பதக்கம் பெற்றோரின் பட்டியல் இருக்கும். கப்பல் யாருடைய நலனுக்காக ஓடியது, யாருடைய பிள்ளைகள் அதன் கொதிகலன் அறையில் வெந்தார்கள், அதன் செலவை யாருடைய வயிறு கொடுத்தது என்ற கேள்விகள் மட்டும் அங்கே எழுவதில்லை. ‘வம்பயர்’ சிறிய கப்பல்; பெரும்புகழ் பெற்ற கப்பலும் அன்று. அதனாலேயே இக்கேள்விகளை அதனிடம் கேட்பது எளிதாக இருக்கிறது.

நாசகாரி என்ற பெயரைக் கேட்டவுடன் ஏதோ மாபெரும் அழிவுச் சக்தியை மனம் கற்பனை செய்துகொள்ளும். உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோர்ப்பிடோப் படகுகள் பெருகியபோது, அவற்றை விரட்டியடிப்பதற்காகப் பிறந்த சிறு விரைவுக் கப்பலே நாசகாரி. கவசம் இல்லை, மெல்லிய இரும்புத் தகடு, உடலுக்கு மீறிய இயந்திர வலிமை. பெரும் போர்க்கப்பல் துரையைப் போலக் கடலில் வீற்றிருக்க, நாசகாரி அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கியைத் தேடுவது அதன் வேலை. சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவது அதன் வேலை. முற்றுகைக்குள் அகப்பட்ட படைக்கு உணவும் குண்டும் சுமப்பதும், திரும்பும் வழியிற் காயம்பட்டோரை ஏற்றி வருவதும், துரைக் கப்பல் மூழ்கினால் தண்ணீரில் தத்தளிப்போரைத் தூக்கியெடுப்பதும் அதன் வேலை. கடற்படையின் கூலியாள் என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, 1916ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கௌஸ் துறையில் சாமுவேல் வைட் கம்பனியாரின் கப்பற் பட்டடையில் இக்கப்பலுக்கு அடிக்கட்டை இடப்பட்டது. முதலில் ‘வாலஸ்’ என்ற பெயரைக் கொடுத்திருந்தார்கள். 1917இல் அதை மாற்றி ‘வம்பயர்’ என்றார்கள். இரத்தம் குடிக்கும் பேய்க்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் அது. கப்பலுக்குப் பெயர் வைத்த கனவான்கள் தங்கள் சாம்ராஜ்யத்தின் குணத்தை எண்ணி இந்தப் பெயரைத் தேர்ந்திருக்க மாட்டார்கள்தான். நான்கு 4 அங்குலப் பீரங்கிகள், மும்மூன்றாக அமைந்த ஆறு டோர்ப்பிடோக் குழாய்கள், மணிக்கு 34 கடல்மைல் வேகம். 1917 செப்டெம்பரில் அது சேவைக்கு வந்தது. மறு ஆண்டு யுத்தம் முடிந்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள், வல்லரசுகள் ஆயுதக் குறைப்பைப் பற்றி மாநாடு மாநாடாகப் பேசிக்கொண்டிருக்க, இத்தகைய கப்பல்கள் துறைமுகங்களில் முதுமை அடைந்துகொண்டிருந்தன.

1933ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் கடற்படை தன் பழைய நாசகாரிகள் ஐந்தை அவுஸ்திரேலியாவிடம் கொடுத்தது. ‘ஸ்ருவேர்ட்’, ‘வம்பயர்’, ‘வென்டெற்றா’, ‘வோயேஜர்’, ‘வாட்டர்ஹென்’ என்பன அவை. அவ்வாண்டு டிசெம்பரில் அவை சிட்னி துறைமுகத்தை அடைந்தன. வேலையற்றோர் சூப்புக்கு வரிசையில் நின்ற காலம் அது. கடற்படையிற் சேர்ந்தால் மூன்று வேளை உணவாவது உண்டு என்று எண்ணிச் சேர்ந்த இளைஞர் எல்லா நாடுகளிலும் இருந்தனர். அவுஸ்திரேலியாவும் அதற்கு விலக்கன்று.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. அதன் விளைவாக அவுஸ்திரேலியாவும் யுத்தத்தில் இருக்கிறது என்று அந்நாட்டுப் பிரதமர் மென்சிஸ் வானொலியில் அறிவித்தார். இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்ட வைஸ்ராய் லின்லித்கோ இந்திய மக்களின் பிரதிநிதிகள் எவரையும் கலந்துகொள்ளவில்லை. இலங்கையைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் எழவில்லை. ஒரே மாலையில் உலகின் காற்பங்கு மக்கள் தம்மை அறியாமலே போராளிகள் ஆனார்கள்.

ஐந்து கிழட்டுக் கப்பல்களும் அவ்வாண்டின் இறுதியில் மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன. பெர்லினில் கோயபெல்சின் பிரசாரப் பீரங்கி அவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று எள்ளி நகையாடியது. மாலுமிகள் கோபங்கொள்ளவில்லை, அந்தப் பெயரையே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். ‘பழைய இரும்புப் படையணி’ என்றே வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. உழைப்பாளியின் நகைச்சுவை எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்கும் போலும். தன்னைத் தாழ்த்தச் சொன்ன சொல்லைத் தானே உரக்கச் சொல்லி அதன் விஷப்பல்லைப் பிடுங்கிவிடும்.

மத்தியதரைக் கடலில் ‘வம்பயர்’ செய்த சேவையை விரித்துரைக்க இங்கே இடமில்லை. 1940 யூலையில் இத்தாலியக் கடற்படையோடு கலாபிரியா அருகே நடந்த சமரில் அது இருந்தது. 1941 ஏப்பிரலில் கிரேக்க நாடு ஹிட்லரின் காலடியில் வீழ்ந்தபோது படையினரை மீட்டுவரும் பணியில் ஈடுபட்டது. முற்றுகைக்குள்ளான தோப்ரூக் துறைக்கு இருட்டில் உணவும் வெடிமருந்தும் சுமந்து சென்றது. மே மாத இறுதியில் இயந்திரம் தளர்ந்துபோய், பழுதுபார்ப்பதற்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது. அது போன ஒரு மாதத்துள், யூன் 30ஆம் திகதி, தோழமைக் கப்பலான ‘வாட்டர்ஹென்’ லிபியக் கரைக்கப்பால் மூழ்கியது. பாசிசத்துக்கு எதிரான போரில் இம்மாலுமிகள் காட்டிய உறுதியை எந்த முற்போக்காளனும் குறைத்து மதிப்பிட மாட்டான். ஆனால் அவர்களை ஏவியவர்களின் நோக்கம் பாசிசத்தை ஒழிப்பது மட்டுமா என்ற கேள்வி, கீழைக் கடலுக்கு வந்தவுடன் நம்மை எதிர்கொள்கிறது.

சிங்கப்பூரைப் பிரிட்டிஷார் கிழக்கின் ஜிப்ரால்டர் என்று வருணித்து வந்தார்கள். மலாயாவின் இறப்பரும் ஈயமும் அந்தக் கோட்டையின் நிழலில் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த இறப்பர் மரங்களை வெட்டிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் தமிழர். மாத்தளையிலும் எல்கடுவவிலும் உழைத்த மக்களின் உறவினரே அவர்கள் என்று சொல்லிவிடலாம். சேலத்திலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் ஒரே கிராமத்திலிருந்து அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி மலாயாவுக்கும் போன குடும்பங்கள் எத்தனை!

யப்பானை மிரட்டுவதற்காக ‘பிரின்ஸ் ஒப் வேல்ஸ்’ என்ற புதிய போர்க்கப்பலும் ‘ரிப்பல்ஸ்’ என்ற பழைய போர்க்கப்பலும் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அவற்றோடு வரவேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் ‘இன்டொமிற்றபிள்’ ஜமெய்க்காவுக்கு அருகே தரைதட்டி நின்றுவிட்டது. 1941 டிசெம்பர் 8ஆம் திகதி மாலை இவ்விரு கப்பல்களும் யப்பானியத் தரையிறக்கத்தைத் தாக்குவதற்காக வடக்கே புறப்பட்டன. காவலுக்கு நான்கு நாசகாரிகள்: ‘எலெக்ட்ரா’, ‘எக்ஸ்பிரஸ்’, ‘வம்பயர்’, ‘தெனெடோஸ்’. கடைசி இரண்டின் பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாட் காலையில் ‘வம்பயர்’ கப்பலில் பார்வைக்கு நின்ற ஒரு மாலுமி, வானில் ஒரு விமானத்தைக் கண்டதாக அறிவித்தான். கண்டவன் ஒருவன், கண்டது கணநேரம். அட்மிரல் பிலிப்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் வடக்கு நோக்கியே சென்றார். அன்று மாலை, எண்ணெய் குறைந்துவிட்ட ‘தெனெடோஸ்’ திருப்பி அனுப்பப்பட்டது. இரவில் அட்மிரலும் மனம் மாறித் திரும்பினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. டிசெம்பர் 10ஆம் திகதி நண்பகலையொட்டி யப்பானிய விமானங்கள் வந்து இரண்டு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். கவசமற்ற சிறு கப்பல்களே எண்ணெய் படர்ந்த கடலிற் சுற்றிச் சுற்றி வந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தூக்கியெடுத்தன. ‘ரிப்பல்ஸ்’ மாலுமிகள் இருநூறுக்கு மேற்பட்டோரை ‘வம்பயர்’ ஏற்றிவந்தது.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. யப்பானியக் கடற்படைக்கு விமானப் போர்க்கலையைக் கற்பித்தவர்கள் யார்? 1921இல் செம்பில் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் தலைமையில் ஒரு குழு யப்பானுக்குச் சென்று, விமானத்திலிருந்து டோர்ப்பிடோ வீசும் வித்தை உட்பட அனைத்தையும் சொல்லிக்கொடுத்தது. விற்பனைக்கு விமானங்களும் இருந்தன அல்லவா? இருபது ஆண்டுகளின் பின் மாணவர் தேர்வெழுத வந்தபோது ஆசிரியருக்கு விடைத்தாளைத் திருத்த அவகாசம் கிடைக்கவில்லை.

அதன்பின் ‘வம்பயர்’ மீண்டும் ஒருமுறை சாவின் வாய்க்குள் அனுப்பப்பட்டது. 1942 சனவரி 26ஆம் திகதி மலாயாவின் கீழ்க்கரையிலுள்ள எண்டாவில் யப்பானியர் படைச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தனர். பகலில் அவர்களைத் தாக்கச் சென்ற பழைய இருதட்டு விமானங்கள் பெருஞ்சேதம் அடைந்தன. இரவில் ‘வம்பயர்’, ‘தானெட்’ என்ற இரு கிழட்டு நாசகாரிகளை அனுப்பினார்கள். எதிரே இருந்தவை புதியவை, எண்ணிக்கையிலும் பல. ‘வம்பயர்’ எய்த டோர்ப்பிடோக்களில் ஒன்றும் தைக்கவில்லை. விடியுமுன் ‘தானெட்’ மூழ்கியது. ‘வம்பயர்’ புகைத்திரைக்குள் மறைந்து தப்பியது. ‘தானெட்’ கப்பலின் மாலுமிகளில் முப்பது பேருக்கு மேற்பட்டோரை யப்பானிய நாசகாரியொன்று கடலிலிருந்து மீட்டது. மீட்டவர்களைத் தரைப்படையிடம் ஒப்படைத்தது. அதன்பின் அவர்களைக் கண்டவர் இல்லை.

பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் சரணடைந்தது. அட்மிரல்களின் வரலாறு அத்தோடு அந்த அத்தியாயத்தை மூடிவிடும். தமிழருக்கோ அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. துரைமார் கப்பலேறிப் போன மலாயாத் தோட்டங்களில் கைவிடப்பட்ட தமிழ்த் தொழிலாளரைப் பர்மாவுக்கும் சயாமுக்கும் இடையே ரயிற்பாதை போட யப்பானியர் கொண்டுபோனார்கள். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை 1943இல் முடிந்தபோது வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்த தமிழரின் தொகை பல்லாயிரம். பிடிபட்ட பிரிட்டிஷ், அவுஸ்திரேலியப் படையினருக்கு அங்கே ஒழுங்கான கல்லறைகள் உண்டு. கல்லில் பெயரும் உண்டு. தமிழ்த் தொழிலாளருக்கு அவை இல்லை. ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற முழக்கத்தை நம்பியவர்கள் அந்தப் பாதையின் இருபுறமும் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் போனபின் நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே கிடைக்க வேண்டியதாயிற்று. லொறிச் சக்கரம் முதல் விமானச் சக்கரம் வரை இறப்பரின்றி யுத்தம் இல்லை. மரம் செத்தாலும் சரி, பாலை முழுதும் வடித்துவிடு என்று கட்டளை பிறந்தது. மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பர், மேற்சரிவுகளில் தேயிலை. இரண்டும் யுத்தப் பொருள்களாயின. இங்கிலாந்தில் 1940 யூலையிலிருந்து ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலை என்ற பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அந்த 2 அவுன்சும் தவறாமற் போய்ச்சேர வேண்டும் என்பதில் லண்டன் அரசாங்கம் மிகுந்த கவலை கொண்டிருந்தது. தேநீர் இன்றேல் யுத்தத் தொழிற்சாலையில் வேலையாள் சோர்ந்துவிடுவான். கொழுந்து பறிப்பவள் எதைக் குடித்துச் சோர்வு தீர்த்தாள் என்பது அக்கவலையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1942 மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தது. இலங்கை தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்தே பெற்றுவந்தது. அதிலும் பர்மா அரிசியே பெரும் பங்கு. ரங்கூன் துறைமுகம் மூடிய நாளிலிருந்து லயக் காம்பராக்களின் அடுப்பு மாறத் தொடங்கியது. அரிசிப் பங்கீடு சுருங்கியது. கோதுமை மா வந்தது. மரவள்ளிக் கிழங்கு வந்தது. இன்றைக்கும் மலைநாட்டுத் தொழிலாளி காலையில் தட்டுகிற ரொட்டிக்குப் பின்னால் இந்த யுத்தத்தின் கதை இருக்கிறது. ஆனால் பிரட்டுக்குப் போகும் நேரமோ, பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையோ குறைந்ததில்லை.

இந்த மக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1940 சனவரியில் ஹேவாஹெட்டவிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டு யூனில் சமசமாஜக் கட்சித் தலைவர்களான என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பிலிப் குணவர்த்தனவும் எட்மண்ட் சமரக்கொடியும் கைது செய்யப்பட்டனர். யுத்தத்தைப் பற்றி இடதுசாரிகளிடையே பெரும் பிளவு உண்டாகியிருந்தது. இது ஏகாதிபத்திய யுத்தம், இதிற் பங்குகொள்ள முடியாது என்றனர் ஒரு சாரார். 1941 யூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தபின் இது மக்கள் யுத்தமாகிவிட்டது என்றனர் மற்றொரு சாரார். அந்த விவாதத்தின் சூடு பல ஆண்டுகள் ஆறவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: தோப்ரூக்கில் நின்று பார்த்தால் இரண்டாமவர் கூற்றும், முல்லோயாவில் நின்று பார்த்தால் முதலாமவர் கூற்றும் கண்முன்னே மெய்யாகத் தெரிந்தன. ஒரே கொடியின்கீழ்தான் இரண்டும் நடந்தன.

இந்நிலையில்தான் ‘வம்பயர்’ இலங்கைக்கு வந்து, கிழட்டு விமானந்தாங்கியான ‘ஹேர்மிஸ்’ கப்பலுக்குக் காவலாக நியமிக்கப்பட்டது. ‘தெனெடோஸ்’ கப்பலும் பெப்ரவரி இறுதியில் ஜாவாவை விட்டு நீங்கி, அகதிகளோடு கொழும்பை அடைந்திருந்தது. திருகோணமலைத் தளத்துக்கான பெருவழி கண்டியிலிருந்து மாத்தளையூடாகத் தம்புள்ளைக்குச் சென்று கிழக்கே திரும்புகிறது. அந்த வழியின் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட பகுதிக்கு இன்னொரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காட்டூடாக நடந்து மாத்தளையை அடைந்த பாதை அதுவே. நோயிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களின் எலும்புகளின்மேல் போடப்பட்ட சாலை என்று மலைநாட்டில் வழிவழியாகச் சொல்வார்கள்.

1942 ஏப்பிரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சோல், தென்கிழக்கே யப்பானியப் படையணியைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி முடியுமுன் சுட்டுவீழ்த்தப்பட்டார். அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள், பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அணி, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலை வழிபாட்டு வேளையில் கொழும்பின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் பாய்ந்தன. துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காகக் கிடந்த ‘தெனெடோஸ்’ குண்டுபட்டு மூழ்கியது. எண்ணெய் குறைந்ததால் மலாயாக் கடலில் உயிர்தப்பிய கப்பல், ஓட முடியாமற் கட்டுண்டு கிடந்ததால் கொழும்பில் அழிந்தது. அதே நாளில் தென்கடலில் ‘கோன்வோல்’, ‘டோர்செற்ஷயர்’ என்ற இரு குரூசர்கள் மூழ்கி 424 பேர் இறந்தனர். அங்கொடை மனநோய் மருத்துவமனையின்மேலும் குண்டுகள் விழுந்தன. எண்ணெய்க் குதங்கள் என்று விமானிகள் கருதினார்களாம்.

துறைமுகத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். அவர்களுட் பெருந்தொகையினர் இந்தியர். அவர்களைக் கோழைகள் என்று ஏசியோர் உண்டு. பதுங்கு குழியில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்று ஏசியோர் விசாரித்ததில்லை. மறுகரையில் சென்னை அரசாங்கமே நகரத்தைக் காலிசெய்யச் சொன்னது. மிருகக்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றது. அரசாங்கம் ஓடினால் முன்னெச்சரிக்கை, கூலியாள் ஓடினால் கோழைத்தனம்! அதே நாள்களில் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து சமசமாஜத் தலைவர் நால்வரும் ஒரு காவலரின் துணையோடு வெளியேறி, பின்னர் இந்தியாவுக்குச் சென்றுவிட்டனர். மறு மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தனர். அதற்காகக் கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர்.

இனி ஏப்பிரல் 9ஆம் திகதிக்கு வருவோம். திருகோணமலையும் தாக்கப்படும் என்ற செய்தி கிடைத்ததும், முதல்நாள் இரவே ‘ஹேர்மிஸ்’ கப்பலையும் ‘வம்பயர்’ கப்பலையும் துறையை விட்டுத் தெற்கே அனுப்பினார்கள். ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல். முந்திக் கட்டி முடித்தவர்களோ யப்பானியர். அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் கரையில் இருந்தன. விமானமற்ற விமானந்தாங்கியும், இருபத்தைந்து வயதான ஒரு நாசகாரியும் மட்டக்களப்புக் கரையோரமாகச் சென்றுகொண்டிருந்தபோது யப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. திருகோணமலைப் பீரங்கிகளின் நிழலுக்குத் திரும்பி வாருங்கள் என்று கட்டளை வந்தது, திரும்பினார்கள். விமானப் பாதுகாப்புக் கேட்டார்கள். செய்திப் போக்குவரத்து சீர்குலைந்திருந்தது; உதவிக்குப் புறப்பட்ட போர் விமானங்கள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முற்பகல் பத்தரை மணியளவில் தாக்குதல் தொடங்கியது. எண்பதுக்கு மேற்பட்ட பாய்ச்சற் குண்டு விமானங்களை யப்பானியர் அனுப்பியிருந்தனர். சூரியனுக்குப் பின்னிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அவை இறங்கின. ‘ஹேர்மிஸ்’ அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். அடுத்து விமானங்கள் ‘வம்பயர்’ மீது திரும்பின. வளைந்து வளைந்து ஓடியும் அடுத்தடுத்துக் குண்டுகள் பட்டன, இயந்திரம் நின்றது. கொமாண்டர் மொரன் கப்பலைக் கைவிடுமாறு கட்டளையிட்டார். நடு முறிந்து முன்பாதி முதலில் அமிழ்ந்தது, பின்பாதியும் தொடர்ந்தது. மொரன் கடைசியாகக் காணப்பட்டது கட்டளை மேடையில்தான். அவரைச் சேர்த்து இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. அத்தனை குண்டுகளுக்கிடையே இவ்வளவு பேர் தப்பியது, நேரத்தில் கிடைத்த அந்தக் கட்டளையால்தான் போலும். அவ்வழியே வந்த ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் இரு கப்பல்களின் மாலுமிகள் ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்தது. ‘ரிப்பல்ஸ்’ மாலுமிகளைத் தூக்கியெடுத்த கைகள் நான்கு மாதங்களின்பின் அவ்வாறே இன்னொருவர் கயிற்றைப் பற்றின. அதே முற்பகலில் ‘ஹொலிஹொக்’ என்ற சிறு காவற்கப்பலும், எண்ணெய்க் கப்பல்களும் கீழைக்கரையில் மூழ்கின.

நகுமோ இலங்கையிற் படை இறக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். பிரிட்டிஷ் கப்பற்படையும் கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது. அதாவது, இந்த மலைகளின் இறப்பரையும் தேயிலையையும் காப்பதற்காக வந்த பெருங்கப்பல்கள் போனபின்னும் இறப்பரும் தேயிலையும் போய்க்கொண்டே இருந்தன. 1942 யூனில் மிட்வே சமரில் நகுமோவின் விமானந்தாங்கிகளில் நான்கு மூழ்கின. அவற்றுள் மூன்று இலங்கையைத் தாக்கியவை. 1944இல் மவுண்ட்பேற்றன் பேராதனையில் வந்து தலைமையகம் அமைத்தபோது ஆபத்துக் காலம் கடந்திருந்தது.

‘வம்பயர்’ என்ற பெயரை அவுஸ்திரேலியா இன்னொரு நாசகாரிக்குச் சூட்டியது. 1959இல் சேவைக்கு வந்த அந்தக் கப்பல், வியட்நாமுக்குத் துருப்புகளைச் சுமந்து சென்ற ‘சிட்னி’ கப்பலுக்குக் காவல் போயிற்று. பாசிசத்துக்கு எதிராகப் போரிட்ட கப்பலின் பெயர், ஒரு விவசாய மக்களின் விடுதலைப் போரை நசுக்கும் வேலைக்குப் போனது. 1986இல் ஓய்வு பெற்று, இப்போது சிட்னி நகரிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பழைய இரும்புப் படையணியில் கடைசிவரை மிஞ்சியவை இரண்டு. ‘வோயேஜர்’ 1942 செப்டெம்பரில் திமோரில் தரைதட்டி அழிந்தது. ‘ஸ்ருவேர்ட்’ யுத்தம் முடிந்தபின் உடைப்பதற்கு விற்கப்பட்டது. ‘வென்டெற்றா’ 1948இல் சிட்னிக்கு வெளியே ஆழ்கடலில் அமிழ்த்தப்பட்டது. அதே 1948இல் கொழும்பில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. யுத்தத்துக்குப் பாலும் கொழுந்தும் கொடுத்த தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் அதனால் நாடற்றவர் ஆயினர். 1947இல் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டது.

அப்போதுதான் மலைநாட்டார் பலர் வாழ்நாளில் முதன்முதலாகக் கப்பலைக் கண்டனர். தலைமன்னார்த் துறையில் நின்ற ‘இராமானுஜம்’ என்ற பயணிகள் கப்பல் அது. 1984இல் உள்நாட்டு யுத்தம் அந்தக் கடற்பாதையை மூடும்வரை, தகரப் பெட்டியும் அம்மிக்கல்லும் கைக்குழந்தையுமாக அவர்கள் அதில் ஏறினார்கள். கண்டிப் பக்கத்திலிருந்து அவர்களைத் துறைக்குக் கொண்டுபோன இரவு ரயில் புறப்படும்போது, போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுவார்கள். அந்த ரயிலுக்கு மலைநாட்டு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.